நிழல் எனும் தனி அடுக்கு: தமயந்தியின் சுயம்வரத்திலிருந்து கோலார் தங்கவயல் வரை

மகாபாரதத்தின் வனபருவத்தில் இடம்பெறும் நளன் கதையில், சுயம்வர மண்டபத்தில் ஒரே உருவில் ஐவர் நிற்கின்றனர். நால்வர் தேவர்கள், ஒருவன் மட்டுமே மனிதன். அவர்களுள் நளன் யார் என்பதைத் தமயந்தி சில அடையாளங்களால் கண்டறிகிறாள். தேவர்களுக்கு இமை அசையவில்லை, வியர்வை அரும்பவில்லை, மாலை வாடவில்லை, கால் தரையில் படவில்லை, நிழலும் விழவில்லை. நளனோ புழுதி படிந்து, வியர்த்து, நிழலுடன் தரையில் நிற்கிறான். இதே கட்டத்தை நளவெண்பாவில் பாடும் புகழேந்தி, இமைக்கும் கண், நிலத்தில் படியும் அடி, வாடும் மாலை ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நிழலை விட்டுவிடுகிறார். வெண்பாவின் நான்கடிக்குள் இடமில்லாமை காரணமாக இருக்கலாம். அடி நிலத்தில் படிந்தாலே நிழலும் உடன் வந்துவிடும் என அவர் கருதியிருக்கவும் கூடும்.

கணினித் திரையில் அடுக்கடுக்காகப் படம் அமைக்கும் அசைவூட்டக் கலைஞர் ஒவ்வொரு நாளும் எதிர்கொள்ளும் சிக்கல் இதுவே. அவருடைய உருவங்கள் அனைத்தும் தேவர்களாகவே பிறக்கின்றன. உருவம் ஓர் அடுக்கில் இருக்கிறது, தரை வேறோர் அடுக்கில் இருக்கிறது. வரைந்தவர்கள் வேறு, வரைந்த நாள் வேறு. ஒன்றன்மேல் ஒன்றை வைத்தவுடன் உருவம் தரைக்கு முன்னால் தெரியும். தரைமேல் நிற்பதாகத் தோன்றாது. அந்த மிதப்பைப் போக்குபவை இரண்டு: பாதத்தின் கீழ் விழும் நிழலும், தளத்தில் தெரியும் பிரதிபலிப்பும். அடுக்குமுறைப் படக்கலையின் வரலாற்றைக் கருவிகளின் வரலாறாக எழுதுவதே வழக்கம். உருவத்துக்கும் தரைக்கும் இடையிலான மூட்டினை ஒவ்வொரு காலத்திலும் யார், எப்படிச் செய்தார்கள் என்று கேட்டால் அதே வரலாறு வேறு வடிவம் பெறுகிறது. கோலார் தங்கவயலைப் பற்றிய அண்மைக்காலப் படிமங்களை வாசிக்கவும் அந்தக் கேள்வி உதவுகிறது.

தமிழில் ‘நிழல்’ என்ற சொல் இன்று பெரும்பாலும் ஒளி மறைப்பால் உண்டாகும் கருமையையே குறிக்கிறது. பழைய வழக்கில் அச்சொல்லின் பரப்பு அகன்றது. நீரிலும் கண்ணாடியிலும் தெரியும் உருவமும் நிழல்தான். தமிழ்ப் பேரகராதி இரு பொருளையும் பதிவு செய்கிறது. இயற்பியல் நோக்கில் இவை எதிரெதிரானவை. ஒன்று ஒளி வந்து சேராமையால் உண்டாவது. மற்றொன்று ஒளி வந்து திரும்புவதால் உண்டாவது. ஆயினும் அடுக்குமுறைப் படக்கலையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே செய்முறையில் பிறப்பது வியப்புக்குரியது. உருவ அடுக்கினைப் படியெடுக்க வேண்டும். நிழல் வேண்டுமெனில் அப்படியைக் கறுப்பால் நிரப்பி, தரையின் சாய்வுக்கேற்பச் சரித்து, ஓரங்களை மங்கலாக்கி, அடியிலுள்ள நிறம் தெரியும் அளவுக்கு நீர்க்கச் செய்ய வேண்டும். பிரதிபலிப்பு வேண்டுமெனில் அதே படியைத் தலைகீழாகத் திருப்பி, பாதத்தோடு பாதம் பொருந்த வைத்து, கீழே செல்லச் செல்ல மறையும்படி ஒரு மாஸ்க் இட வேண்டும். இரண்டுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. தொடும் இடத்தில் கூர்மை, விலகும் இடத்தில் மங்கல்.

செய்முறை எளிது, பிழைகள் நுட்பமானவை. உருவ அடுக்கோடு நிழல் அடுக்கையும் பிணைத்துவிட்டால், பாத்திரம் குதிக்கும்போது நிழலும் சேர்ந்து குதிக்கும். உண்மையில் உடல் மேலெழும்போது நிழல் தரையிலேயே தங்கி, பாதத்தைவிட்டுப் பிரிந்து, ஓரம் கலைய வேண்டும். பிரதிபலிப்பிலோ உடல் எவ்வளவு மேலெழுகிறதோ அவ்வளவு கீழிறங்க வேண்டும். மேலும், தளம் காட்டும் உருவம் முன்னால் நிற்கும் உருவத்தின் வெறும் தலைகீழ்ப் படியன்று. தளத்தின் கீழிருந்து ஒருவர் அண்ணாந்து பார்த்தால் தெரியும் தோற்றம் அது. நீட்டிய கையின் உள்ளங்கையும் தாடையின் அடிப்பகுதியும் அதில் தெரிய வேண்டும். கண்மட்டத்திலிருந்து எடுத்த காட்சியில் தலைகீழ்ப் படி ஒப்பேறிவிடும். மேலிருந்து பார்க்கும் காட்சியில் ஏமாற்று வெளிப்பட்டுவிடும்; அங்கே புதிதாக வரைவதைத் தவிர வழியில்லை. பிரெனெல் விளக்கியவாறு, பளபளப்பான தளம் சாய்ந்த பார்வைக்கு மிகுதியாகவும் நேர்ப்பார்வைக்குக் குறைவாகவும் பிரதிபலிக்கும். ஆகவே காட்சியின் தொலைவிலுள்ள தரை, அருகிலுள்ள தரையைவிடக் கண்ணாடித்தன்மை கொண்டிருக்க வேண்டும்.

இவ்விதிகள் கணினிக்கு முற்பட்டவை. கோலார், கன்னடமும் தெலுங்கும் தமிழும் சந்திக்கும் நிலம். கன்னடத்தின் தொகலு கொம்பெயாட்டம், தெலுங்கின் தோலு பொம்மலாட்டம், தமிழின் தோற்பாவை நிழற்கூத்து ஆகிய மூன்று மரபுகளின் புழங்குவெளிகளும் இப்பகுதியைச் சூழ்ந்தே அமைகின்றன. மு. இராமசாமி போன்றோரின் ஆய்வுகளால் தமிழ் மரபு கல்விப்புலத்தில் நன்கு அறியப்பட்டது. ஒளிபுகும்படி பதப்படுத்திய தோலில் நிறம் தீட்டி, துளையிட்டு, திரைக்குப் பின்னால் விளக்கொளியில் ஆட்டும்போது திரையில் விழுவது வண்ண நிழல். பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடித்தால் கோடுகள் கூர்மையாகும். விளக்கை நோக்கி இழுத்தால் உருவம் பெருத்து, ஓரத்தில் புறநிழல் அகன்று, மங்கும். தோன்றுவதையும் மறைவதையும் பாவைக்கூத்தர் இந்த ஒரே அசைவால் நிகழ்த்துகின்றனர். இன்றைய மென்பொருளில் மங்கல் அளவைக் கூட்டிக் குறைக்கும் எண்ணுக்குப் பின்னாலிருக்கும் வடிவியல் இதுவே. ஆனால் ஒரு வேறுபாடு முக்கியமானது. நிழற்கூத்தில் உருவமே நிழல். அது நிற்க வேண்டிய தரை என்று தனியே எதுவுமில்லை. இராமனின் காலடியில் இன்னொரு நிழலை எவரும் தேடுவதில்லை.

ஓவிய மரபிலும் நிலைமை ஏறத்தாழ இதுதான். விஷ்ணுதர்மோத்தரத்தின் சித்திரசூத்திரம் ‘வர்த்தனை’ என்று பேசுவது உடலின் திரட்சியைக் காட்டும் நிறச்செறிவைத்தான். தரையில் விழும் நிழலை அன்று. தஞ்சாவூர், மைசூர் ஓவியங்களின் தெய்வங்கள் நிழலின்றியே வீற்றிருக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்காகத் தொழில்களையும் சாதிகளையும் வரைந்த ஓவியங்களில்தான், உழவர் அல்லது நெசவாளரின் பாதத்தருகே ஒரு துண்டுத் தரையும் அதன்மேல் ஒரு கருநிறத் தீற்றலும் பரவலாகின்றன. வகைப்படுத்தப்பட வேண்டிய மனிதருக்கு நிழல் தேவைப்பட்டது என்று இதனைச் சற்றுக் கடுமையாக வாசிக்கலாம்.

உருவமும் தரையும் தொழில்முறையில் பிரிக்கப்பட்டது 20ஆம் நூற்றாண்டில். 1914-இல் ஏர்ல் ஹர்டு ஒளிபுகும் செல்லுலாய்டுத் தாளில் உருவத்தை வரைந்து பின்னணியின்மேல் வைக்கும் முறைக்குக் காப்புரிமை கோரினார். பின்னணியை ஒருமுறை தீட்டினால் போதும் என்றானது, உழைப்பு மிச்சப்பட்டது. கூடவே ஒரு வேடிக்கையான முரணும் வந்தது. செல் தாள் சற்றே வளைந்திருந்தால் அது பின்னணியின்மேல் உண்மையான நிழலை வீழ்த்தும். படத்தில் அந்த நிழல் தெரிந்துவிடக்கூடாது. ஆகவே கனத்த கண்ணாடியால் தாள்களை அழுத்திப் படமெடுத்தனர். உண்மை நிழலை நசுக்கி அகற்றிவிட்டு, பொய் நிழலைத் தனியாக வரைந்து சேர்க்க வேண்டியிருந்தது. தாள்களின் எண்ணிக்கை கூடக்கூட அடியிலுள்ள நிறங்கள் மங்கியதால் அடுக்குகளுக்கு வரம்பும் இருந்தது. நிழலுக்கென ஓர் அடுக்கை ஒதுக்குவது அன்று ஆடம்பரம்.

இதற்கு மாறான வழியில் சென்றவர் லோட்டே ரைனிகர். 1926-இல் வெளிவந்த ‘இளவரசன் அக்மது’ படத்தில், அடியிலிருந்து ஒளியூட்டிய கண்ணாடித் தளங்களின்மேல் வெட்டுருவங்களை வைத்து அசைத்தார். அது நிழற்கூத்தின் வழி; தரையின் சிக்கலே அதில் எழவில்லை. டிஸ்னி நிறுவனம் செல்முறைக்குள் இருந்துகொண்டே தரையைத் தேடியது. 1937-இல் ‘பழைய ஆலை’ குறும்படத்திலும் தொடர்ந்து ‘ஸ்னோ ஒயிட்’டிலும் பல தளக் கேமராவால் ஆழம் கிடைத்தது. நிழலுக்கு அவர்கள் கையாண்டது இரட்டை ஒளிப்பதிவு. நிழல் மட்டும் கறுப்பாகத் தீட்டப்பட்ட செல்லைச் சேர்த்து, தேவையான ஒளியில் ஒரு பங்கைப் பதிவு செய்வார்கள். பிறகு ஃபிலிமைப் பின்னோக்கிச் சுருட்டி, அந்தச் செல்லை அகற்றிவிட்டு மீதிப் பங்கைப் பதிவு செய்வார்கள். விளைவு, அடியிலுள்ள தரையின் நிறம் தெரியும் அரைக்கருமை. இன்று ஒரு சறுக்குக்கோலை நகர்த்திப் பெறும் ‘ஒளிபுகாமை 50 விழுக்காடு’ என்பதற்கு அன்று இரண்டு முறை படமெடுக்க வேண்டியிருந்தது.

இந்தக் கைவினையின் உச்சம் 1988-இல் வெளிவந்த ‘ஹூ ஃப்ரேம்டு ரோஜர் ராபிட்’. நடிகர்களோடு வரைந்த முயல் நடமாடும் அப்படத்தில், ஒவ்வொரு உருவத்துக்கும் உடல்நிழல், தரைநிழல், ஒளிவிளிம்பு ஆகியவற்றைத் தனித்தனியே வரைந்து, ஆப்டிகல் பிரின்டரில் ஒன்றுசேர்த்தனர். ஓர் இருண்ட அறையில் தொங்கும் விளக்கில் ஒருவரின் தலை இடிக்கிறது, விளக்கு ஆடுகிறது, ஆட்டத்துக்கேற்ப முயலின்மீது ஒளியும் தரையில் நிழலும் சட்டகந்தோறும் மாறுகின்றன. கதைக்கு அந்த இடி தேவையே இல்லை. பார்வையாளர் கவனிக்கவே வாய்ப்பில்லாத ஒன்றுக்காக உழைப்பதைக் குறிக்கும் தொழில்வழக்காக ‘விளக்கில் இடித்தல்’ என்ற தொடர் பின்னர் நிலைத்துவிட்டது. ஆடும் விளக்கு நிழல்வரைவோரை எந்த அளவு சோதிக்கும் என்பதை இங்கே மனத்தில் கொள்வது நல்லது. சுரங்கத்துக்குள் செல்லும்போது அது மீண்டும் வரும்.

கணினியில் அடுக்குகளின் இலக்கணம் எழுதப்பட்டது 1984-இல். தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் வெளியிட்ட கட்டுரை, ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களோடு ‘ஆல்பா’ என்னும் நான்காம் எண்ணையும் வைத்து, ஓர் அடுக்கு மற்றொன்றை எவ்வளவு மறைக்கிறது என்பதற்குக் கணக்கு வகுத்தது. ஆல்பா என்ற கருத்து அதற்கு முன்பே, 1970-களின் பிற்பகுதியில், எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் ஆகியோரிடம் உருவாகியிருந்தது. நிறங்களை ஆல்பாவால் முன்கூட்டியே பெருக்கி வைக்கும் இம்முறையில் நிழல் பெறும் வடிவம் கவனிக்கத்தக்கது. கறுப்பு நிழலின் மூன்று நிற எண்களும் சுழியம். நான்காம் எண் மட்டுமே எஞ்சுகிறது. தனக்கென நிறம் ஏதுமின்றி, அடியிலிருப்பதை மறைக்கும் அளவு மட்டும் கொண்ட பொருளாக நிழல் கணிதத்தில் நுழைந்தது. 1988-இல் ஜிம் பிளின், சமதளத்தில் விழும் போலி நிழலைக் கணக்கிடும் எளிய வழியை ‘நானும் என் (போலி) நிழலும்’ எனப் பொருள்படும் தலைப்பில் எழுதினார். 1993-இல் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் வந்தது. 1994-இல் ஃபோட்டோஷாப்பில் அடுக்குகள் வந்தன. 1998-இல் ஒரே சொடுக்கில் விழும் நிழலும் வந்தது. ஃபிளாஷ் மென்பொருளில் அவ்வசதி 2005-இல்தான் சேர்ந்தது. அதுவரை ஃபிளாஷில் பணியாற்றியவர்கள் நிழலைக் கையால் படியெடுத்துச் சரித்தே செய்துவந்தனர்.

ஒரு சொடுக்கில் கிடைத்த நிழல் பெரும்பாலும் தரையில் விழுவதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். அது உருவத்துக்குப் பின்னால் இருப்பதாகக் கற்பிக்கப்பட்ட ஒரு சுவரில் விழுகிறது. எழுத்துகளையும் பொத்தான்களையும் தாளிலிருந்து தூக்கிக் காட்டுவதற்காக உருவாக்கப்பட்டது அது. மனிதரை மண்ணில் நிறுத்துவதற்காக அன்று.

இந்தியாவில் செல்முறைப் பயிற்சி முறையாகத் தொடங்கியது 1956-இல். டிஸ்னியில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் பம்பாயிலுள்ள ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் பயிற்றுவித்தார். ‘ஆலமரத்து மான்’ 1957-இல் உருவானது. ராம் மோகன் அங்கிருந்து எழுந்தவர். அடுத்த தலைமுறையில் பணி சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் ஐதராபாத்துக்கும் பெங்களூருக்கும் பரவியது. 2012-இல் கர்நாடகம் அசைவூட்டம், காட்சி விளைவு, விளையாட்டு, காமிக்ஸ் துறைகளுக்கெனத் தனிக்கொள்கை வகுத்தது. இந்தியக் கூடங்களுக்கு வெளிநாடுகளிலிருந்து வந்த வேலைகளில் பெரும்பகுதி, உருவத்தைச் சட்டகம் சட்டகமாக வெட்டியெடுப்பது, கம்பிகளை அழிப்பது போன்ற கண்ணுக்குத் தெரியாத பணிகள். இவற்றில் வெற்றியின் அளவுகோலே, செய்ததாகத் தெரியாமலிருப்பது. நிழல் ஒட்டுவதும் அந்த இனத்தைச் சேர்ந்ததே.

இப்பின்னணியில் கோலார் தங்கவயலுக்கு வரலாம். 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட 66ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில், ‘கே.ஜி.எஃப்: அத்தியாயம் 1’ சிறந்த சிறப்பு விளைவுகளுக்கான விருதைத் தெலுங்குப் படமான ‘அவ்’வுடன் பகிர்ந்துகொண்டது, கன்னடப் படத்துக்கான விளைவுகளைச் செய்தது யூனிஃபை மீடியா. பிரசாந்த் நீல் இயக்கிய அப்படம் 2018 டிசம்பரில் வெளிவந்தது. தங்கவயலின் சயனைடு மேடுகளில் அரங்கு அமைத்து, அதைக் கணினி வரைகலையால் விரித்து, ‘நராச்சி’ என்னும் கற்பனைச் சுரங்கத்தை உருவாக்கினார்கள். உண்மை மண், கட்டிய அரங்கு, கணினி அடுக்கு ஆகிய மூன்றும் ஒரே சட்டகத்தில் பொருந்த வேண்டும். பொருந்துவதற்கு அந்த மண்ணின் ஒளியியல் தெரிந்தாக வேண்டும்.

தங்கவயல் வட அட்சம் ஏறத்தாழ 12.95 பாகையில் இருக்கிறது. ஆகவே ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் 24-ஐயும் ஆகஸ்ட் 18-ஐயும் ஒட்டிய நாள்களில், நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கும். அறிவியல் இயக்கத்தினர் நிழலில்லா நாள் என்று பள்ளிகளில் கொண்டாடுவது இதைத்தான். அன்று நண்பகலில் நிற்பவரின் நிழல் அவருடைய பாதத்துக்குள்ளேயே ஒடுங்கிவிடும். இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஆண்டின் ஏனைய பகுதியில் வடக்கே விழும். டிசம்பர் 21-ஐ ஒட்டி, நண்பகல் நிழல் மிக நீளும் நாளிலும்கூட, ஐந்தரை அடி மனிதரின் நிழல் ஏறத்தாழ 4 அடிதான். அதே நாளில் இலண்டனில் அது 20 அடி. பயிற்சிக் காணொளிகளில் பரவலாகக் கற்பிக்கப்படும் நீண்ட சாய்ந்த நிழல் வடபுலத்தின் நிழல். தங்கவயலில் அது காலையிலும் மாலையிலும் மட்டுமே உண்டு. நடுப்பகல் உழைப்பைக் காட்டும் காட்சியில் அத்தகைய நிழலை ஒட்டினால், பார்ப்பவர் காரணம் சொல்ல இயலாமலே ஐயுறுவார்.

அடுத்தது தரை. தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய அரைத்த பாறைத்தூள், 3 கோடி டன்னுக்கும் மேலாக, நகரைச் சுற்றி மேடுகளாகக் குவிந்திருக்கிறது. வெளிறிய சாம்பல் நிறத்து நுண்மணல் அது. வெளிறிய தரை ஒளியை மேல்நோக்கித் திருப்பி அனுப்பும். அதனால் அங்கு நிற்பவரின் தாடைக்கு அடியிலும் கைக்கு அடியிலும் இருள் குறைந்து, தரைநிழலும் கன்னங்கரேலென்று இராமல் சாம்பல் படியும். கறுப்பை நிரப்பிய நிழல் அடுக்கு அந்த மணலில் ஓட்டைபோலத் தெரியும். படம் இந்தச் சிக்கலைப் பெரும்பாலும் இருளாலும் புழுதியாலும் கடந்துசெல்கிறது. முன்னடுக்கில் பறக்கும் தூசியும் பின்னடுக்கில் அடர்ந்த கருமையும் மூட்டுகளை மறைத்துவிடுகின்றன. இதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. ஒளிப்பதிவாளர் புவன் கௌடாவின் நிறத்தேர்வும் விளைவுக் கலைஞர்களின் தேவையும் அங்கே ஒன்றுக்கொன்று உதவியிருக்கின்றன.

பெருங்கூட்டக் காட்சிகளில் நிழல் இன்னொரு விதத்தில் சோதிக்கும். சில நூறு பேரைப் படியெடுத்துப் பல்லாயிரமாக்கும்போது ஒவ்வொருவருக்கும் தனி நிழல் அடுக்கு வைத்தால், இருவரின் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம் இருமடங்கு கறுக்கும். இயற்கையில் அப்படி நிகழ்வதில்லை. சூரியன் ஒன்றே; அதை ஒருவர் மறைத்தாலும் பத்துப் பேர் மறைத்தாலும் அந்த இடத்துக் கருமை ஒன்றுதான். ஆகவே கூட்டத்தின் நிழல்கள் அனைத்தையும் முதலில் ஒரே வடிவமாக இணைத்து, பிறகு ஒரே முறை கருமையாக்க வேண்டும். ஆயிரம் உடல்களுக்கு ஒரு நிழல் அடுக்கு என்பதே சரியான கணக்கு.

நிலத்தடியில் நிலைமை தலைகீழாகிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் சென்றது. சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பியிழுத்து 1902-இல் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. பெங்களூரின் தெருக்களுக்கு அது வந்தது 1905-இல். ஆயினும் பாறைமுகத்தில் பணிசெய்பவருக்கு ஒளி என்பது பெரும்பாலும் அவர் சுமந்துசென்ற விளக்கே. தலையில் விளக்கணிந்தவர் தம் விளக்கால் விழும் நிழல்களைக் காண்பதே அரிது. ஒளியும் கண்ணும் ஏறத்தாழ ஓரிடத்தில் இருப்பதால், நிழல் எப்போதும் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அவர் காண்பது பக்கத்தில் இருப்பவரின் விளக்கு வீழ்த்தும் நிழலை. பத்துப் பேர் இருந்தால் பத்து ஒளிமூலங்கள். ஒவ்வொருவருக்கும் பத்துத் திசைகளில் நிழல். தலை திரும்பும்போதெல்லாம் அவை பாறையில் ஓடும். நீர் தேங்கிய தரையில் விளக்குகள் தலைகீழாகத் தெரியும். ரோஜர் ராபிட்டின் ஆடும் விளக்கை இங்கே பத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும். சுரங்கக் காட்சிகளைப் படைப்போர் பொதுவாக எங்கிருந்தோ வரும் நீலநிற ஒளியை அனுமதித்து இதைத் தவிர்த்துவிடுகின்றனர். சுரங்கத்தில் அப்படியோர் ஒளி இல்லை.

நிழல் எவருடையது என்ற கேள்வி இங்கேதான் தொழில்நுட்ப எல்லையைக் கடக்கிறது. ‘கே.ஜி.எஃப்’ தன்னைக் கற்பனைக் கதையாகவே முன்வைக்கிறது. அதன் காலக்கோடு 1951-இல் தொடங்குகிறது. உண்மைத் தங்கவயலில் ஜான் டெய்லர் நிறுவனம் பணிதொடங்கியது 1880-இல். சுரங்கங்களை மைசூர் அரசு ஏற்றது 1956-இல். பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது 1972-இல். மூடப்பட்டது 28 பிப்ரவரி 2001-இல். அந்த ஆழங்களில் இறங்கியோரில் பெரும்பான்மையினர் வட ஆர்க்காடு முதலான மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள். அவர்களுள் பெரும்பாலோர் தலித்துகள். அயோத்திதாசர் தொடங்கிய ‘தமிழன்’ இதழை 1920-களில் ஜி. அப்பாதுரையார் மீண்டும் நடத்தியது இந்தச் சுரங்க நகரிலிருந்துதான். கைரேகைப் பதிவை எதிர்த்து 1930-இல் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தை ஜானகி நாயர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். உடல் தாளைத் தொட்டதற்கான தடயமே கைரேகை. தங்கள் தடயத்தை யார், எதற்காக எடுப்பது என்பதை அத்தொழிலாளர்கள் அன்றே பிரச்சினையாக்கினர்.

நராச்சியில் இவர்களுள் எவரும் இல்லை. அங்குள்ள கூட்டத்துக்கு மொழியோ ஊரோ சங்கமோ அச்சகமோ கிடையாது. மீட்பனுக்காகக் காத்திருப்பதே அதன் வேலை. நாயகனின் காலடியை அந்த மணலோடு பொருத்த எத்தனையோ கலைஞர்கள் சட்டகம் சட்டகமாக உழைத்திருப்பார்கள். அந்த மணலையே அரைத்துக் குவித்தவர்கள் படத்தில் பின்னணி அடுக்காகிவிட்டனர். 2024 ஆகஸ்டில் வெளிவந்த பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. வட ஆர்க்காட்டு மக்கள் தங்கம் தேடிச் செல்லும் கதை அது. ஒரு பகுதி தங்கவயலிலேயே படமாக்கப்பட்டது. மாயமும் தொன்மமும் நிறைந்த படம்தான். ஆனாலும் அதன் மாந்தர்கள் புழுதியும் வியர்வையும் படிந்தவர்கள். தமயந்தி தேடிய அடையாளங்கள் அவர்களிடம் இருக்கின்றன.

இவற்றை ஆராய விரும்புவோருக்கு ஒரு நடைமுறைத் தடை உண்டு. அடுக்குமுறைப் படம் முடிந்தவுடன் அடுக்குகள் அனைத்தும் ஒன்றாக நசுக்கப்படுகின்றன. திரையரங்குக்கும் பின்னர் காப்பகத்துக்கும் செல்வது அந்தத் தட்டையான இறுதி வடிவமே. நிழல் அடுக்கு எது, அதை எத்தனை முறை திருத்தினார்கள், கூட்டத்தில் உண்மையாக நின்றவர் எத்தனை பேர், படியெடுக்கப்பட்டவர் எத்தனை பேர் என்பதெல்லாம் பணிக்கோப்புகளில் மட்டுமே இருக்கும். அவை பெரும்பாலும் கூடங்களின் வன்தட்டுகளில் சில ஆண்டுகள் கிடந்து, இடம் தேவைப்படும்போது அழிக்கப்படுகின்றன. டிஸ்னியின் செல் தாள்கள் கழுவி மறுபடி பயன்படுத்தப்பட்ட காலத்திலும் இதுவே நடந்தது; எஞ்சிய தாள்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பெங்களூரிலும் சென்னையிலும் கடந்த 20 ஆண்டுகளில் செய்யப்பட்ட நிழல் அடுக்குகளில் சிலவற்றையேனும், செய்தவர்களின் பெயர்களோடு, பல்கலைக்கழகத் திரைக்கல்வித் துறைகள் இப்போதே கேட்டுப் பெற்றுவைக்கலாம். வன்தட்டுகளின் ஆயுள் செல்லுலாய்டைவிடக் குறைவு.